தேவிக்கு விழுந்த முதல் சீட்டு

ஜூன் 9, 2025 – திங்கள்

கரண்ட் போய் நாற்பது நிமிஷம் ஆயிற்று. தேவி வலைக்கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "நீலம் போச்சும்மா, நா வெளயாடப் போவட்டா?" என்று பத்தாவது தடவையாகக் கேட்கிறாள். நாலு வயசுக்கு நல்ல வாய். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நீல விளக்குக்கு நடுவே கிடக்க வேண்டிய குழந்தை. ரத்தத்தில் சேருகிற மஞ்சளை வெளியே தள்ள ஈரலில் ஏதோ ஒரு பொருள் வேண்டுமாம். இவளுக்கு அது பிறவியிலேயே இல்லை. விளக்கு நிற்கிற ஒவ்வொரு மணிக்கும் மஞ்சள் ஏறும். ஏறி மூளைக்குப் போனால் – அதை எழுத மாட்டேன்.

கடைசியில் என் வீட்டுக்காரர் தனசேகர் போட் பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மாட்டினார். அந்தக் கட்டிலும் அவர் செய்ததுதான். பலகை போட்டால் முதுகுக்கு வெளிச்சம் போகாது என்று, சட்டத்தில் இறால் வலையை இழுத்துக் கட்டி மேலேயும் கீழேயும் விளக்கு வைத்தார். லைட்ஹவுஸ் குப்பத்தில் ரெண்டு லைட்ஹவுஸ், ஒண்ணு கவர்மெண்ட்டுது, ஒண்ணு அனிதா வீட்டுது என்று பக்கத்து வீட்டு ரங்கம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். நானும் சிரித்துவைத்தேன்.

மத்தியானம் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து போன். புது வைத்தியத்துக்குத் தேவியின் பெயரைச் சேர்த்திருக்கிறார்களாம். பதினேழாம் தேதி வர வேண்டும். சந்தோஷமும் வந்தது, பயமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 10 – செவ்வாய்

வைத்தியமா, ஆராய்ச்சியா? அதைக் கேட்காமலே போனை வைத்துவிட்டேன். மக்கு.

ஜூன் 17 – செவ்வாய்

இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் முழுக்க நின்றுகொண்டே வந்தேன். கால் விண்விண் என்கிறது. இருந்தாலும் எழுதாவிட்டால் நாளைக்குப் பாதி மறந்துவிடும்.

டாக்டர் மாசிலாமணி பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். யாரோ ஒருவர் கொடுத்த ரத்தத்திலிருந்து செல் எடுப்பார்களாம். அதைப் பின்னோக்கி ஓட்டி, என்னவாகப் போகிறோம் என்று இன்னும் முடிவுசெய்யாத செல்லாக மாற்றுவார்களாம். அதுதான் ஸ்டெம் செல். பிறகு அதற்கு வாரக்கணக்கில் ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்துக் கொடுத்து ஈரல் செல்லாக்கிவிடுவார்கள். (பிளஸ் டூ முடித்தபோது நானும் அப்படித்தான் ஒன்றும் முடிவு செய்யாமல் இருந்தேன். அத்தை மகனைக் கட்டிவைத்து முடிவு செய்துவிட்டார்கள். சொந்தத்தில் கட்டினதாலதான் தேவிக்கு இப்படியாச்சு என்று இதே டாக்டர்தான் முன்பு ஒருநாள் சொன்னார். சரி, அது வேறு அழுகை.) அந்தச் செல்லை ஈரலுக்குப் போகிற ரத்தக்குழாயில் விடுவார்கள். போய் ஒட்டிக்கொண்டால் தேவி ஈரலில் நடக்காத வேலையை அது செய்யும்.

"ஒட்டலன்னா டாக்டர்?"

"ஒட்டலன்னா ஒட்டலம்மா. பொய் சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளைங்களுக்கு இப்பதான் ஆரம்பிக்கிறோம்."

இருபத்தாறு பக்க ஃபாரம். தனசேகர் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் பிரின்சி சிஸ்டர் சொன்னார்: மொத்தம் நாலு குழந்தைகள், ஒரு குழந்தைக்குக் கொடுத்து எட்டு வாரம் பார்த்து, கெடுதல் ஒன்றும் இல்லை என்றால்தான் அடுத்த குழந்தைக்கு, யார் முதல் என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்போம். தனசேகர் சட்டென்று நிமிர்ந்தார். "சீட்டா? எங்க ஊரு பாடு மாரியா?" சிஸ்டர் முழித்தார். எங்கள் ஏரியில் இறால் விழுகிற இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கித்தான் முறை வைப்போம், அதற்குப் பேர்தான் பாடு, இன்னிக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு, சண்டையே கிடையாது என்று நான் விளக்கினேன். "ஆங், கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று சிஸ்டர் சொன்னார். இவர் பேனாவை வாங்கி அத்தனை இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

முதல் சீட்டு தேவிக்கு. இரண்டாவது ஜோயல் என்று மூன்று வயதுப் பையனுக்கு. அவன் அப்பா ஜேம்ஸ் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார், அம்மா ஜாக்குலின். அவனுக்கு வேறு கோளாறு. பருப்பு, முட்டை, மீன் எதுவும் அளவு மீறினால் ரத்தத்தில் அமோனியா ஏறி மயங்கிவிடுவான். ஒரே ரயிலில் திரும்பினோம். ஜோயல் ஜன்னலோரம் நின்று, "ரயிலு, ரயிலு" என்று ரயிலுக்குள்ளேயே கத்திக்கொண்டு வந்தான். தேவி அவனை அடிக்காத குறை.

ஜூன் 18 – புதன்

ரங்கம்மாள் கேட்கிறாள்: "அந்த செல்லு யாரோடது? எந்த ஊர்க்காரனோடது? அவன் குடிகாரனா இருந்தா இன்னாடி பண்ணுவ?" போடி என்று விரட்டிவிட்டேன். இப்போது அதையே நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 3 – வியாழன்

ரத்தப் பரிசோதனைக்குப் போகிற வழி. மீஞ்சூரில் ஏறும்போதே ஜோயல் துவண்டிருந்தான். பேசின்பிரிட்ஜ் தாண்டினதும் கண் செருகிவிட்டது. ஜாக்குலின், "ஏசப்பா, ஏசப்பா" என்கிறாள், ஜேம்ஸுக்குக் கைகால் ஓடவில்லை. தனசேகர்தான் பையனைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் முழுக்க ஓடினார். பிழைத்துக்கொண்டான். திரும்பி வரும்போது இவர் தன் தோளையே தடவிக்கொண்டு வந்தார். தேவி வழியெல்லாம் கடலை கேட்டு நச்சரித்தாள், அது இவர் காதில் விழவில்லை.

ஜூலை 8 – செவ்வாய்

இன்றைக்கு நல்ல இடம் இவருக்கு விழுந்திருந்தது. அதைக் கூட மீன்பிடிக்கிற ரமேஷுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறார். ரமேஷின் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். வழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. கஷ்டத்தில் இருக்கிறவனுக்குத் தன் பாட்டைக் கொடுப்பார்கள். கரையில் நாலு பேர் காதில் விழச் சொன்னால் போதும், அவன் முறை வரும்போது இவர் இறங்கிக்கொள்ளலாம். ஆனாலும், "நம்ம ஊட்லயும்தான் ஆஸ்பத்திரி கீது, மறந்துட்டியா மாமா?" என்று கேட்டேன். "பாடு எங்கடி போவும்? திரும்பி வரும்" என்கிறார். இந்த மனுஷனைத் திட்டவும் முடியவில்லை.

ஜூலை 20 – ஞாயிறு

தேவிக்குக் குறித்த தேதி இருபத்துநாலு. அதைத் தள்ளி வைத்துவிட்டார்களாம், இவருக்குப் போன் வந்ததாம். அப்பாடா என்று இருந்தது. உடனே அழுகையும் வந்தது. நான் என்னதான் வேண்டுமென்று நினைக்கிறேன்?

ஜூலை 24 – வியாழன், ஆஸ்பத்திரி

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலை எட்டு பத்துக்கு என் நம்பருக்கு பிரின்சி சிஸ்டர். "எங்கம்மா இருக்கீங்க? பாப்பாவுக்கு இன்னிக்குத்தானே? செல் ரெடியா இருக்கு. சாயங்காலம் நாலு மணி தாண்டினா வீணாப் போயிடும்." தேதி தள்ளினதாச் சொன்னீங்களே என்றேன் நான். யார் சொன்னது என்று கேட்டார். இவருக்குப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். ஏரிக்குப் போயிருக்கிறார். ரங்கம்மாள் வீட்டுக்காரருடைய பைக்கில் பொன்னேரி, அங்கிருந்து ரயில். தேவி பசிக்குதும்மா பசிக்குதும்மா என்று அழுதாள். எதுவும் கொடுக்கக் கூடாது என்றிருந்தார் சிஸ்டர்.

மாடிக்குப் போனால் பெஞ்சில் ஜேம்ஸ். ஜாக்குலின் மடியில் ஜோயல், புதுச் சட்டை போட்டு.

ஜேம்ஸ்தான் கேட்டார்: "அக்கா, நீங்க ஏன் வந்தீங்க? அண்ணன் எங்களுக்கு உட்டுக் குடுத்துட்டாரே. நா ஆஸ்பத்திரில சொல்லிக்கிறேன், நீ காலைல புள்ளய இட்டுக்கினு போயிடுனு சொன்னாரே!"

அடப்பாவி மனுஷா. ஈரலைக் கொண்டுபோய்ப் பாடு மாதிரி விட்டுக் கொடுத்திருக்கிறான். என்கிட்ட பொய் வேற.

டாக்டர் மாசிலாமணி கோபத்தில் சிவந்துபோய் வந்தார். தேவியின் எடைக்கும் ரத்த குரூப்புக்கும் பார்த்து ஐந்து வாரம் வளர்த்த செல்லாம். தேவி பி, ஜோயல் ஓ. அவனுக்குச் செலுத்தினால் உடம்பு ஏற்காது, உயிருக்கே ஆபத்து. "இந்தக் குழந்தைக்குக் கொடுக்கலாம், இல்ல கீழ கொட்டலாம். மூணாவது வழி இல்ல. சொல்லுங்கம்மா."

ஜேம்ஸ் நம்பவில்லை. "அவங்க அப்டித்தான் சொல்லுவாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ஜாக்குலின் என்னையே பார்த்தாள். குடுங்க டாக்டர் என்று சொல்லிவிட்டு நான் தேவியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மூன்றே காலுக்கு ஆரம்பித்து மூன்றே முக்காலுக்கு முடிந்தது. பார்த்தால் கலங்கின அரிசிக் கழுநீர் போல இருந்தது. அவ்வளவுதானா?

ஜோயலுக்கு அது ஆகாது என்பதால்தான் எடுத்துக்கொண்டேன் என்று ஊருக்குச் சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் அவனுக்கு ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தால்? கொடுத்திருக்க மாட்டேன். நான் பெத்தது எனக்கு. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

ஜூலை 25 – வெள்ளி

இவர் விடியற்காலையிலேயே வந்து நின்றார், சட்டையெல்லாம் சேறு. தேவி "நைனா" என்று கையை நீட்டினாள். அவளைத் தடவிக் கொடுத்துவிட்டு என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டார்.

"நா குடுத்த வார்த்தய மிதிச்சிட்டல்ல?"

"ஈரல் செல்லு இன்னா இறாலா? ஆளு மாறினா அடுத்தவன் வலைல வுழறதுக்கு? டாக்டர ஒரு வார்த்த கேட்டியா நீ?"

"நம்ம பொண்ணு ஓடுறாடி. அந்தப் புள்ள என் தோள்ல கண்ணத் தொறக்கல. நீ தூக்கியிருந்தா தெரியும்."

நான் இன்னும் சத்தமாகத் திட்டினேன். வாட்ச்மேன் வந்து இருவரையும் கீழே அனுப்பினார்.

ஆகஸ்ட் 6 – புதன்

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். உடம்பு அந்தச் செல்லை விரட்டாமல் இருக்க மாத்திரை, காலையும் மாலையும். ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டும் கொடுத்திருக்கிறார்கள். கட்டம் கட்டமாக: விளக்கு மணி, மாத்திரை, சாப்பாடு, காய்ச்சல். நூறு டிகிரிக்கு மேலே ஏறினால் எழுதிப் போனும் பண்ண வேண்டும். அந்த நோட்டில் மனசுக்குக் கட்டம் இல்லை.

ஆகஸ்ட் 21 – வியாழன்

இருபத்திரண்டில் இருந்த மஞ்சள் பதினாலு! டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். விளக்கு இனி ஒன்பது மணி நேரம் போதும். ஒட்டிக்கொண்டது. யாரோடதோ தெரியாத அது என் பொண்ணுக்குள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கிறது. பஸ்ஸிலேயே வாய்விட்டு அழுதேன். கண்டக்டர் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். தேவியைத் தூக்கிக் கொஞ்சினார். என்னிடம் அந்த ஒரு "ம்" மட்டும்தான். ஜேம்ஸோடு தினமும் போனில் பேசுகிறார். ஜோயலுக்கு செப்டம்பர் பதினெட்டு. நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

செப்டம்பர் 3 – புதன்

சாயங்காலம் தேவி உடம்பு கதகதவென்றிருந்தது. நூறு புள்ளி நாலு. மூக்கு ஒழுகல். மருந்து கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டது.

இவர் ஜேம்ஸிடம் சொல்லியிருக்கிறார். பத்து நிமிஷத்தில் ஜேம்ஸ் எனக்கே போன் பண்ணினார். "அக்கா, உங்க கால்ல வுழறேன். சளிக் காச்சல்தானே? எழுதாதீங்க. எழுதினா எங்க தேதி தள்ளிடுவாங்க. ஒரு தபா எங்க முற போச்சு. இன்னொரு தபா வேணாங்க்கா."

போனை வைத்ததும் இவர் நாற்பது நாளைக்குப் பிறகு என்னிடம் முழு வாக்கியமாகப் பேசினார். "அந்த ஒரு கட்டத்த வெறுமனே உடு அனிதா. அவ்ளோதான் கேக்குறேன்."

நோட்டு எதிரே இருக்கிறது. பேனா கையில். சளியாகத்தான் இருக்கும். ஒருவேளை அந்தச் செல்லால் வந்த காய்ச்சலாக இருந்தால்? அடுத்து அதே வேலையை ஜோயலுக்கும் அது செய்தால்? ஆனால் சளிதானே, வீட்டுக்கு வீடு இருக்கிறது. எழுதினால் இரண்டாவது தடவையும் அந்தப் பையன் முறையை நானே பிடுங்கினதாகும். எழுதாவிட்டால் – யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். தெரிஞ்சா இன்னா? ஐயோ, எனக்கு எதுவும் புரியல.

செப்டம்பர் 4 – வியாழன்

எழுதிவிட்டேன். காலை ஆறு மணிக்கு. போனும் பண்ணினேன்.

செப்டம்பர் 9 – செவ்வாய்

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். வெறும் சளி. ஒன்றுமே இல்லை. ஆனால் விதிப்படி இன்னும் நாலு வாரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த குழந்தையாம். ஜோயல் தேதி அக்டோபர் பதினாறுக்குப் போய்விட்டது.

வெறும் சளிக்கு.

செப்டம்பர் 26 – வெள்ளி

ஜோயலுக்கு அமோனியா ஏறி ஐசியூ. இவர் வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வந்து?" என்றார்.

அக்டோபர் 1 – புதன்

கண் விழித்துவிட்டானாம். ஐந்து நாள் இவர் அங்கேயே தரையில் படுத்திருக்கிறார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ரயிலுனு சொல்லுவான்ல? இப்ப சொல்ல மாட்டேங்கிறான். அம்மானு மட்டும்தான் வருது. டாக்டர் பாக்கலாங்கிறாரு."

நான் சமையல் கட்டில் போய் நின்றுகொண்டேன். அந்த ஒரு கட்டத்தை வெறுமனே விட்டிருந்தால் செப்டம்பர் பதினெட்டிலேயே ஆகியிருக்கும். ரயிலு என்று கத்திக்கொண்டிருப்பான். நான் செய்ததுதான் சரி என்று பிரின்சி சிஸ்டர் சொல்கிறார். சரியான காரியம் செய்தால் மனசு ஏன் இப்படி உறுத்த வேண்டும்? யாரைக் கேட்பது?

கொஞ்ச நேரம் கழித்து இவரும் உள்ளே வந்தார். தட்டைக் கழுவிக்கொண்டே, "டாக்டர்ட்ட கேட்டேன். அன்னிக்கு அந்த செல்ல ஜோயலுக்கு ஏத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும்னு" என்றார்.

"இன்னா சொன்னாரு?"

"செத்துருப்பான்னாரு." தட்டை இரண்டாவது தடவையும் கழுவினார். "நா கேட்டிருக்கணும்டி."

அக்டோபர் 16 – வியாழன்

இன்று ஜோயலுக்கு. இரண்டு பேரும் போனோம். ஜேம்ஸ் இவரைக் கட்டிக்கொண்டார், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஜாக்குலின் என் பக்கம் திரும்பவில்லை. தேவிதான் நேரே போய் ஜோயல் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "வலிக்காதுடா, கஞ்சித் தண்ணி மாரிதான் இருக்கும்" என்று தைரியம் சொன்னாள்.

நவம்பர் 5 – புதன்

மழை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓட்டுகிறோம். விளக்கு இப்போது எட்டு மணி நேரம்தான் என்பதால் முன்போல உயிர் போகவில்லை. இது எத்தனை மாசத்துக்குத் தாங்கும் என்று கேட்டால் டாக்டர், "நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்" என்கிறார். முதல் சீட்டுக்காரியின் அம்மாவுக்கு அதுதான் பதில்.

மத்தியானம் போன் அடித்தது. ஜாக்குலின். ஜூலைக்கப்புறம் முதல் தடவை.

"அக்கா, ஜோயலுக்கு நேத்து நூறு புள்ளி ரெண்டு. இப்ப இறங்கிடுச்சு. அமோனியா நார்மல்தான்."

"பேசுறானா?"

"ரயிலு இன்னும் சொல்லல." அவள் பக்கமும் மழை கொட்டுகிற சத்தம் கேட்டது. "மூணாவது சீட்டு தேனிப் பக்கத்துல ஒரு பொம்பளப் புள்ள. எட்டு மாசம்தான். அவங்க அம்மா நேத்து எனக்கு போன் பண்ணுச்சு. எப்டியோ தெரிஞ்சிக்கிச்சு. எழுதாதீங்கக்கா, என் புள்ள தாங்காதுனு ஒரே அழுக."

எழுது என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? எழுதாதே என்று எப்படிச் சொல்வேன்?

"எழுதிட்டேங்க்கா" என்றாள். "இவரு வேணாம்னாரு. காலைல எழுதி போன் பண்ணிட்டேன். அதச் சொல்லத்தான் கூப்ட்டேன். உங்களத் தவிர யாருகிட்ட சொல்றதுனு தெரியல."

இரண்டு பேரும் அழுதோம். அவள் முதலில் நிறுத்தினாள். நான் அந்தத் தேனி அம்மாவின் நம்பரைக் கேட்டு வாங்கி, இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே எழுதிவைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் போன் பண்ண வேண்டும். என்ன பேசுவேன் என்று தெரியவில்லை.